ஒரு பொத்தான், இரண்டு நெம்புகோல்கள்
பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் கற்பித்த ஓர் அனுபவம்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் புத்தகப் பையில் ஒரு சிறிய விளையாட்டுக் கணினி இருப்பதைப் பார்த்தேன். சட்டைப் பையில் அடங்கும் அளவு. சிப்பியைப் போல மூடித் திறக்கும். மேல் மூடியில் திரை, கீழ்ப் பகுதியில் சிறு விசைப்பலகை. பள்ளிக்குக் கொண்டு வரக்கூடாத பொருள் என்பதால் வாங்கி வைத்துக்கொண்டேன். பெற்றோர் வந்தால் கொடுப்பதாகச் சொன்னேன். அவர் பதறவில்லை. "வச்சுக்கோங்க டீச்சர். அது ஓடாது. ஆர் பட்டன் போயிருச்சு" என்றார்.

வெளிநாட்டில் வேலை செய்யும் மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. இரண்டு முறை செல்போன் பழுது பார்க்கும் கடையில் கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்துக்குள் அதே பொத்தான் மீண்டும் போய்விட்டது. "கடைக்காரர் எனக்குத்தான் கை பலம்னு சொல்லுறார் டீச்சர். மத்த பட்டனையும் நான்தானே அழுத்துறேன்? அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. ஆனால் அது நல்ல கேள்வி என்பது புரிந்தது. அடுத்த வாரம் நான் நடத்தவிருந்த பாடம் விசையின் திருப்புத்திறன். பல ஆண்டுகளாகக் கதவு, திருகு விசை, ஏற்றப்பலகை என்று அதே எடுத்துக்காட்டுகளைச் சொல்லி நடத்தி வந்தேன். மாணவர்கள் சூத்திரத்தை எழுதுவார்கள், மதிப்பெண்ணும் பெறுவார்கள். ஆனால் சூத்திரத்தைக் கொண்டு எதையாவது சரிசெய்ய முடியும் என்று அவர்களோ நானோ நினைத்ததில்லை. இம்முறை தலைமையாசிரியரின் அனுமதியோடு, மூன்று பாடவேளைகளையும் அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றையும் இந்தப் பொத்தானுக்காக ஒதுக்கினேன். அதில் நான் கற்றவற்றையும் தவறியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

தோள் பொத்தான் என்றால் என்ன?

விளையாட்டுக் கருவியை இரு கைகளாலும் பிடிக்கும்போது கட்டை விரல்கள் மேற்பரப்பில் இருக்கும். ஆள்காட்டி விரல்கள் கருவியின் பின்விளிம்பைச் சுற்றி வளைந்திருக்கும். அந்த விரல்களுக்காக இடமும் வலமுமாகப் பின்விளிம்பின் மூலைகளில் வைக்கப்படுவதே தோள் பொத்தான். மாணவர்கள் எல் பட்டன், ஆர் பட்டன் என்று சொல்வது இதைத்தான்.

1990 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ நிறுவனத்தின் சூப்பர் ஃபாமிகாம் கருவியின் கைப்பிடியில் இந்த இரு பொத்தான்கள் இடம்பெற்ற பிறகுதான் இவை பரவலாயின. 1994 டிசம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் அவற்றை நான்காக்கியது. பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று. கையடக்கக் கருவிகளில், 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் இரு தோள் பொத்தான்களோடு வந்தது. அது மடங்காத கருவி. 2003இல் அதன் மடிப்பு வடிவமான எஸ்.பி. வந்தது. மடிப்பு விளையாட்டுக் கருவிகள் அதற்கு முன்பே, 1982இலேயே, கேம் அண்ட் வாட்ச் வரிசையில் வந்திருந்தாலும் அவற்றில் தோள் பொத்தான் இல்லை.

பின்னர் முழுக் கணினியையே இந்த அளவுக்குச் சுருக்கினார்கள். பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளின் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய, லினக்ஸில் இயங்கும் பண்டோரா 2010இல் பயனர்களின் கைக்கு வந்தது. அதில் இரண்டு தோள் பொத்தான்கள். அதன் வழித்தோன்றலான பைராவில் நான்கு. 2016இல் விண்டோஸில் இயங்கும் ஜி.பி.டி. வின் வந்தது. தட்டச்சு செய்ய விசைப்பலகை வேண்டும், திரையும் விசைகளும் பைக்குள் கீறல் படாமல் இருக்க வேண்டும் என்பதால் இவை மூன்றுமே மூடித் திறக்கும் வடிவில் அமைந்தன.

ஒரே இடத்துக்கு மூன்று பேர் போட்டி

முதல் பாடவேளையில் நான் சூத்திரம் எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பழைய நோட்டு அட்டையைக் கொடுத்து, இரண்டாக மடித்துக் கருவியாகப் பாவிக்கச் சொன்னேன். மடிப்பு இருக்கும் பக்கம் பின்விளிம்பு. "ஆள்காட்டி விரல் எங்கே வந்து நிற்கிறது? அங்கே குறியிடுங்கள்" என்றேன்.

எல்லாக் குழுக்களின் குறியும் மடிப்பின் மேலேயே விழுந்தது. சிக்கலை அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். மூடித் திறக்கும் கருவியில் பின்விளிம்பில்தான் கீல் இருக்கும். கீழ்ப் பகுதியிலிருந்து திரைக்குச் செல்லும் நாடா போன்ற மெல்லிய இணைப்புக் கம்பியும் கீல் வழியாகத்தான் போக வேண்டும். விரலும் அதே இடத்தைக் கேட்கிறது. கீலை நடுவில் மட்டும் வைத்து இரு மூலைகளையும் பொத்தான்களுக்கு விட்டுவிடலாம். எஸ்.பி. கருவியில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் மூலைக்குப் போனதும் வேறு தொல்லை வருகிறது. "கீழே விழுந்தா மூலைதான் டீச்சர் முதல்ல அடிபடும்" என்றார் ஒரு மாணவி. இன்னொருவர், "பையில போட்டா பட்டன் தானா அழுந்தும்" என்றார். கரும்பலகையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

1. கீலுக்கும் கம்பிக்கும் வழிவிட வேண்டும்.
2. எளிதாக அழுந்த வேண்டும். ஆனால் பைக்குள் தானாக அழுந்தக் கூடாது.
3. மூலையில் விழுந்தாலும் உடையக் கூடாது.
4. கருவியைத் தாங்கிப் பிடிக்கும் அதே கையே அழுத்த வேண்டும்.

நான்காவதை வலியுறுத்திச் சொன்னேன். மின்விளக்குச் சுவிட்சை அழுத்தும் கை வேறு எதையும் தாங்குவதில்லை. தோள் பொத்தானை அழுத்தும் விரலோ கருவியைப் பிடித்திருக்கும் கையின் விரல். அது தன் இடத்தைவிட்டு அதிகம் நகர முடியாது.

தண்ணீரால் விசையை அளத்தல்

பொத்தான் என்று நாம் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்குள்ளே இருப்பது டேக்ட் சுவிட்ச் எனப்படும் சிறு சதுரச் சுவிட்ச். மின்னணுப் பொருள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பரவலான வகை 6 மி.மீ.க்கு 6 மி.மீ. உள்ளே கவிழ்த்த கிண்ணம் போன்ற உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் அது சட்டென உள்வாங்கி இணைப்பை உண்டாக்கும், 'டிக்' என்று ஒலிக்கும். அந்த 'டிக்' வருவதற்குள் அது நகரும் தொலைவு ஏறத்தாழ 0.25 மி.மீ. மட்டுமே. தேவைப்படும் விசை வகைக்கு வகை மாறும். நாங்கள் வாங்கியது 160 கிராம் விசை வகை. அதாவது சுமார் 1.57 நியூட்டன்.

பிளாஸ்டிக் மூடியின் ஒரு முனையில் அச்சு இருக்கும், அதுவே ஆதாரப்புள்ளி. மறுமுனை உள்ளும் புறமும் அசையும். நடுவில் எங்கோ சுவிட்ச். இதைப் பத்து மடங்கு பெரிதாக்கி வகுப்பில் அமைத்தோம்.

தேவையான பொருள்கள்: 30 செ.மீ. மர அளவுகோல், ஆணி, இரண்டு மரக்கட்டைகள், டேக்ட் சுவிட்ச், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், சிவப்பு எல்.இ.டி., 220 ஓம் மின்தடை, நூல், பிளாஸ்டிக் குவளை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, தண்ணீர்.

அளவுகோலின் தொடக்க முனையில் துளையிட்டு, ஆணியால் ஒரு கட்டையோடு தளர்வாகப் பொருத்தினோம். 15 செ.மீ. குறியின் அடியில் மற்றொரு கட்டையின் மேல் சுவிட்சை வைத்து எல்.இ.டி. சுற்றோடு இணைத்தோம். குவளையை நூலில் கட்டி அளவுகோலின் வெவ்வேறு குறிகளில் தொங்கவிட்டு, சிரிஞ்சால் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம். விளக்கு எரிந்ததும் ஊற்றிய அளவைக் குறித்தோம்.

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் கணக்கிட்டது. 160 × 15 என்பது சுவிட்சின் திருப்புத்திறன். அதை விரல் இருக்கும் தொலைவால் வகுத்தால் தேவையான விசை கிடைக்கும்.

30 செ.மீ.யில் 80 கிராம்.
20 செ.மீ.யில் 120 கிராம்.
15 செ.மீ.யில் 160 கிராம்.
10 செ.மீ.யில் 240 கிராம்.
5 செ.மீ.யில் 480 கிராம்.

ஒரே அளவுகோல், ஒரே சுவிட்ச். அழுத்தும் இடம் மாறியதும் தேவையான விசை ஆறு மடங்கு மாறிவிட்டது. இங்கே நான் நிறுத்தி, "இது எந்த வகை நெம்புகோல்?" என்று கேட்டேன். பாதிப் பேர் இரண்டாம் வகை என்றார்கள், பாதிப் பேர் மூன்றாம் வகை என்றார்கள். இரண்டும் சரி. விரல் கடைசி முனையில் இருந்தால் ஆதாரப்புள்ளிக்கும் விரலுக்கும் நடுவில் பளு இருக்கிறது. அது பாக்குவெட்டி, இரண்டாம் வகை. விரல் சுவிட்சைத் தாண்டி அச்சுக்கு அருகே வந்துவிட்டால் திறன் நடுவில் வந்துவிடுகிறது. அது இடுக்கி, மூன்றாம் வகை. பொத்தான் மாறவில்லை. விரல் ஒன்றரைச் சென்டிமீட்டர் நகர்ந்ததில் பாக்குவெட்டி இடுக்கியாகிவிடுகிறது. வகைகளை மனப்பாடம் செய்து வந்த மாணவர்கள், 'வகை' என்பது பொருளின் பெயர் அல்ல, மூன்று புள்ளிகளின் வரிசை என்பதை அன்றுதான் உணர்ந்தார்கள்.

அடுத்து எதிர்பாராத ஒன்று நடந்தது. 30 செ.மீ. குறியில் கணக்கு 80 கிராம் என்றது. விளக்கோ 65 மி.லி.யிலேயே எரிந்தது. "சூத்திரம் தப்பா டீச்சர்?" என்றார்கள். நான் பதில் சொல்லாமல் தராசை மட்டும் மேசைமேல் வைத்தேன். குவளை 5 கிராம். அளவுகோல் 20 கிராம். அளவுகோலின் எடை அதன் நடுப்புள்ளியில், அதாவது சரியாகச் சுவிட்சின் மேலேயே, செயல்படுகிறது என்பதை ஒரு குழு பிடித்துக்கொண்டது. ஆக, சுவிட்சுக்கு இன்னும் தேவைப்படுவது 140 கிராம். முனையில் அதற்கு 70 போதும். குவளையைக் கழித்தால் 65. கணக்கும் தண்ணீரும் ஒத்துப்போனதும் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே வகைச் சுவிட்சுகளிலும் ஒன்றுக்கொன்று விசை வேறுபடும். முதலில் சுவிட்சின் மேல் நேராகப் பளு வைத்து அதன் உண்மையான விசையை அளந்துகொள்ளுங்கள்.

கையின் குறையா, அச்சின் குறையா?

இரண்டாம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் தடித்த அட்டை, ஐஸ் குச்சி, குண்டூசி கொண்டு 30 மி.மீ. நீளமுள்ள உண்மை அளவுப் பொத்தானைச் செய்தது. சுவிட்ச் நடுவில், 15 மி.மீ.யில். அச்சை எங்கே வைப்பது என்பதை அவர்களிடமே விட்டேன். பெரும்பாலான குழுக்கள் குண்டூசியை வெளி மூலையில் குத்தின. அட்டை அங்கேதான் உறுதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். நானும் முந்தைய நாள் வீட்டில் செய்து பார்த்த மாதிரியில் அப்படித்தான் வைத்திருந்தேன். என் கைக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

ஒரு குழுவில் ஒரு மாணவிக்கு மட்டும் விளக்கு எரியவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். அட்டை வளைந்ததே தவிர 'டிக்' வரவில்லை. குழுவிலிருந்த மாணவர், "சாப்டுட்டு வா, பலம் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையிட நினைத்த நேரத்தில் அந்த மாணவி அளவுகோலை எடுத்தார். தன் விரல் நுனி மூலையிலிருந்து எத்தனை மி.மீ. எட்டுகிறது என்று அளந்தார். 10. கேலி செய்தவரின் விரலை நீட்டச் சொல்லி அளந்தார். 30. முந்தைய நாள் எழுதிய பட்டியலைத் திருப்பிக் காட்டி, "நான் அழுத்துற இடத்துல 240 கிராம் வேணும். நீ அழுத்துற இடத்துல 80 போதும். இப்ப யாருக்குப் பலம் வேணும்?" என்றார்.

சிரிப்பு நின்றது. கருவியைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது விரல் வெளி மூலையிலிருந்து உள்நோக்கி நீள்கிறது. அச்சு வெளி மூலையில் இருந்தால், குட்டை விரல் அச்சுக்கு அருகிலேயே நின்றுவிடும். நீள விரல் தொலைவுக்குப் போய் எளிதாக அழுத்தும். பலம் குறைந்த சிறு கைக்கு அதிகச் சுமையும் பெரிய கைக்குக் குறைந்த சுமையுமாக அந்த வடிவமைப்பு அமைந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செய்தவர்கள் எல்லோரும் தங்கள் கையில் மட்டும் வைத்துப் பார்த்திருந்தோம்.

குழு அச்சை இடம் மாற்றியது. குண்டூசி இப்போது கீலுக்குப் பக்கத்தில், உள்முனையில். மாணவியின் விரல் அச்சிலிருந்து 20 மி.மீ. தள்ளி விழுந்தது. 240 கிராம் 120 ஆகக் குறைந்தது. விளக்கு எரிந்தது. கேலி செய்தவரின் விரல் இப்போது நேராக அச்சின் மேலேயே விழுந்தது. "இப்ப எனக்கு வரல டீச்சர்" என்றார். அந்த மாணவி அவரிடம் சொன்னது: "விரலை மடக்கு."

மடக்கினார். வந்தது. நீள விரலை மடக்கலாம், குட்டை விரலை நீட்ட முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை எல்லாக் குழுக்களும் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டன. வகுப்பு முழுவதன் விரல் எட்டும் தூரத்தையும் அளந்தோம். அடுத்த முறை வடிவமைக்கும்போது சராசரியை எடுக்கக் கூடாது, மிகக் குறைவாக எட்டுபவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. நானும் வீட்டில் செய்த மாதிரியை வகுப்பின் முன் பிரித்து அச்சை மாற்றினேன்.

சுவிட்சை அச்சுக்கு அருகே நகர்த்தினால் எல்லோருக்கும் எளிதாகுமே என்று ஒருவர் கேட்டார். ஆகும். சுவிட்சை 10 மி.மீ.யில் வைத்தால் 20 மி.மீ.யில் அழுத்த 80 கிராம் போதும். ஆனால் அந்த இடத்தில் விரல் 0.33 மி.மீ.க்குப் பதிலாக 0.5 மி.மீ. நகர வேண்டும். 120ஐ 0.33ஆல் பெருக்கினாலும் 80ஐ 0.5ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ 40. விசையில் மிச்சப்படுத்தியதை நகர்வில் கொடுக்கிறோம். வேலை மாறுவதில்லை. விளையாடுபவருக்கு நகர்வு கூடினால் பொத்தான் தொளதொளவென்று தோன்றும். அதிகம் குறைத்தால் பைக்குள் தானாக அழுந்தும். எங்கே நிறுத்துவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. கைகளில் கொடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

'டிக்' வந்த பிறகு என்ன நடக்கிறது?

மூன்றாம் பாடவேளையில் அந்த மாணவரின் கருவிக்குத் திரும்பினோம். கருவியைக் கடைக்காரர்தான் திறந்து கொடுத்தார். மின்கலத்தைக் கழற்றிய பிறகே வகுப்புக்குக் கொண்டு வந்தேன். லித்தியம் மின்கலம் துளைபட்டாலோ வளைந்தாலோ தீப்பிடிக்கக் கூடும். மாணவர்கள் அதைத் திறக்கவோ கழற்றவோ கூடாது. இது கட்டாயம்.

சுவிட்ச் சர்க்யூட் போர்டிலிருந்து பிய்ந்திருந்தது. அதன் இரு கால்களில் வைத்த ஈயப்பற்று விட்டிருந்தது. ஆனால் இடப் பக்கச் சுவிட்ச் உறுதியாக இருந்தது. "ரெண்டு பக்கத்துக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டுவிட்டு, உருப்பெருக்கும் கண்ணாடியைக் கொடுத்தேன்.

சுவிட்ச் 0.25 மி.மீ. நகர்ந்ததும் தன் வேலையை முடித்துவிடுகிறது. விரல் அங்கே நிற்பதில்லை. விளையாட்டு வேகத்தில் அது தொடர்ந்து அழுத்துகிறது. அந்த மிகுதி விசையை யார் தாங்குவது? நல்ல வடிவமைப்பில் மூடி சிறிது நகர்ந்ததும் பெட்டியின் ஒரு பிளாஸ்டிக் புடைப்பில் போய் முட்டும். அந்தத் தடுப்பு, மிகுதி விசையைப் பெட்டிக்கு அனுப்பிவிடும். தடுப்பு இல்லாவிட்டால் முழு விசையும் சுவிட்சின் மெல்லிய கால்களுக்கும் அதைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றுக்கும் போகும்.

இடப் பக்க மூலையில் அந்தப் புடைப்பு இருந்தது. வலப் பக்க மூலையில் இல்லை. உடைந்த தடம் மட்டும் இருந்தது. மாணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு தடவை மாடிப் படியில விழுந்துச்சு டீச்சர்" என்றார். மூலைதான் முதலில் அடிபடும் என்று முதல் நாள் ஒரு மாணவி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. கடையில் இரு முறையும் சுவிட்சை மீண்டும் பற்றவைத்தார்கள். தடுப்பு உடைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் கை பலத்தால் உடையவில்லை. ஒவ்வொரு அழுத்தத்தையும் சுவிட்சே தனியாகச் சுமந்ததால் உடைந்தது.

தடுப்பை எவ்வளவு உயரத்தில் மீண்டும் கட்டுவது? மாணவர்கள் கணக்கிட்டார்கள். நடுவில் 0.25 மி.மீ. நகர, முனையில் 0.5 மி.மீ. நகர வேண்டும். தடுப்பு அதற்கு முன்பே முட்டினால் 'டிக்' வராது. மிகவும் தள்ளி இருந்தால் பயனில்லை. ஆக, 0.5 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான இடைவெளி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படித்த திருகு அளவி இங்கே உண்மையிலேயே தேவைப்பட்டது. இடப் பக்கப் புடைப்பை அளந்தார்கள். காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அளப்பதும் தேய்ப்பதுமாக ஒரு பாடவேளை முழுவதும் போனது. ஒருமுறை அதிகம் தேய்த்துவிட்டு மீண்டும் புதிய துண்டு வெட்டினார்கள்.

இவ்வளவு நுட்பம் தொழிற்சாலைகளுக்கும் எளிதல்ல. உருக்கிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அச்சில் செலுத்தி ஆறும்போது ஏறத்தாழ 0.5 விழுக்காடு சுருங்குகிறது. 30 மி.மீ. நீளத்துக்கு அது 0.15 மி.மீ. அச்சை அதற்கேற்பப் பெரிதாகவே வெட்டுவார்கள். ஆனாலும் சுருக்கம் சற்றே கூடினாலோ குறைந்தாலோ, அரை மில்லிமீட்டர் நகரும் பொத்தானில் அது விரலுக்குத் தெரிந்துவிடும்.

கடைக்காரர் மூன்றாம் முறையாகச் சுவிட்சைப் பற்றவைத்தார். இம்முறை அவரிடம் தடுப்பைக் காட்டி விளக்கியவர் அந்த மாணவர்தான். பெற்றோர் வந்து கருவியை வாங்கிச் சென்றார்கள். இக்கட்டுரையை எழுதும் நாள்வரை அது வேலை செய்கிறது.

பிற வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் திருப்புத்திறன் தேவையில்லை. குழந்தைகள் தங்கள் உள்ளங்கையைத் தாளில் வரைந்து, ஆள்காட்டி விரலின் நீளத்தை அளந்து, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தட்டும். வகுப்பறைக் கதவைக் கீலுக்கு அருகிலும் கைப்பிடிக்கு அருகிலும் ஒரு விரலால் தள்ளிப் பார்க்கட்டும். 'எல்லோருக்கும் திறக்கிற மாதிரி கைப்பிடியை எங்கே வைப்பாய்?' என்ற கேள்வி போதும்.

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் ஆசிரியர்கள் வேறொரு கோணத்தில் தொடரலாம். சுவிட்சின் உலோகத் தகடு சேரும்போது சில மில்லிவினாடிகள் அதிர்ந்து, ஒரு முறை அழுத்தியதைப் பல முறையாகக் காட்டும். முதல் சைகைக்குப் பின் சில மில்லிவினாடிகள் காத்திருந்து உறுதிசெய்யும் நிரலை எழுதச் சொல்லலாம்.

ஆர்வமுள்ள குழுவுக்கு நான்கு பொத்தான் சவால். பிளேஸ்டேஷன் கைப்பிடி தடிமனானது, ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்க இடமிருந்தது. மடிப்புக் கருவியின் கீழ்ப் பகுதி மெல்லியது. 2014இல் ஜப்பானில் வந்த நியூ நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியில் கூடுதல் பொத்தான்களைப் பழையவற்றின் பக்கத்தில், உள்நோக்கி வைத்தார்கள். அப்படியானால் குட்டை விரல் எப்படி எட்டும்? நடுவிரலுக்குக் கொடுத்தால் கருவியைத் தாங்குவது எந்த விரல்? இதற்கு ஒரே சரியான விடை இல்லை. காரணத்தோடு சொல்லும் எந்த விடைக்கும் மதிப்பெண் தரலாம்.

மதிப்பீட்டில் ஒரு மாற்றம்

முன்பெல்லாம் இப்பாடத்தின் முடிவில், 'பாக்குவெட்டி எவ்வகை நெம்புகோல்?' என்று கேட்பேன். இவ்வாண்டு மூன்று வினாக்களைக் கேட்கிறேன். ஒன்று, விரலின் இடம், சுவிட்சின் இடம் இரண்டையும் கொடுத்துத் தேவையான விசையைக் கணக்கிடச் சொல்வது. இரண்டு, கணக்கும் அளவீடும் ஒத்துப்போகாத ஒரு பட்டியலைக் கொடுத்துக் காரணம் கேட்பது. மூன்று, 'இந்தப் பொத்தான் யாருக்கு வேலை செய்யாது?' என்று கேட்பது.

மூன்றாவது வினா பொதுத்தேர்வில் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதல் வினாவை நன்றாக எழுதியவர்களில் பெரும்பாலோர் மூன்றாவதையும் முயன்றவர்களே. யாருக்கு வேலை செய்யாது என்று யோசிக்கும்போது அவர்கள் தாமாகவே விரலின் தொலைவை மாற்றி மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். பயிற்சிக் கணக்குகளைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று பாடவேளை என்பது பத்தாம் வகுப்பில் பெரிய செலவுதான். ஆனால் அதற்குப் பின் வந்த திருகு விசை, பற்சக்கரம் ஆகிய பகுதிகளை நான் வழக்கத்தைவிட விரைவாகவே முடித்தேன். உங்கள் பள்ளியில் இத்தகைய கருவி கிடைக்காமல் போகலாம். பழைய கணினி மௌஸ், தையல் இயந்திரத்தின் மிதி எதுவாயினும் போதும். அவற்றில் ஓர் அச்சும், அழுத்தும் இடமும், முட்டும் தடுப்பும் இருக்கின்றன. முதலில் அதை வகுப்பில் மிகச் சிறிய கை உள்ளவரிடம் கொடுத்துத் தொடங்குங்கள்.